குரோட்டன்ஸ் குடித்தனம்

அழகுச்செடி என்பது குழம்புக்கும் ஆகாமல், கஷாயத்துக்கும் ஆகாமல், வீட்டில் நிரந்தர இடம் பிடித்துக்கொள்ளும் தாவரம். சென்னை அடுக்குமாடி வீடு ஒன்றின் பால்கனியில் சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கும். அவற்றின் பூர்விகத்தை விசாரிக்கப் போனால் உலகப்படம் ஒன்று தேவைப்படும். மணி பிளான்ட் பசிபிக் கடலில், தஹிதிக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவைச் சேர்ந்தது. காகிதப்பூவுக்குச் சொந்த ஊர் பிரேசில். ஆந்தூரியம் கொலம்பியா பக்கத்து மழைக்காட்டுக்காரி. குரோட்டன்ஸ் மலேயத் தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடக்கு வரை சொந்தபந்தம் உள்ளது. ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், அடீனியம் ஆப்பிரிக்க, அரேபியப் பாறைச் சரிவுகளிலிருந்தும் வந்தவை. இட்லிப்பூ என்று வழங்கும் வெட்சி மட்டும்தான் உள்ளூர். விருந்தாளிகளுக்குப் பால்கனியைச் சுற்றிக் காட்டும்போது அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை.

இவை எல்லாவற்றின் மேலும் 'வெப்பமண்டலச் செடி' என்று ஒரே சீட்டு ஒட்டப்படுகிறது. வெப்பமண்டலத்தில் நாள் தவறாமல் மழை பெய்யும் காடும் உண்டு, மாதக்கணக்கில் காயும் பாறையும் உண்டு. பால்கனியின் இரும்பு ஸ்டாண்டில் இரண்டு தரப்பும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. காலையில் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர், பாரபட்சம் கிடையாது. அழகுச்செடிகளில் அகால மரணம் அடைபவை பெரும்பாலும் இந்தச் சமநீதியால்தான் அடைகின்றன.

இவ்வளவு தூரத்துச் செடிகள் கப்பலேறி உயிரோடு இறங்கும் வழியைக் காட்டியவர் லண்டன் டாக்டர் ஒருவர். அப்போது அவர் கவனம் வேறு பக்கம் இருந்தது. நதானியேல் வார்டு என்கிற அந்த மனிதர் 1829-இல் அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவரின் புட்டிக்குள் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. அவர் தோட்டத்தில் அக்கறையோடு வளர்த்த பெரணிகள் லண்டன் புகையில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அக்கறையே காட்டாத புட்டிக்குள் இருந்தது செழித்தது. 1833-இல் அதே முறையில் செய்த மூடிய கண்ணாடிப் பெட்டிகள் பெரணிகளோடு கப்பலேறி, சிட்னி போய்ச் சேர்ந்தன. பெரணிகள் பச்சை மாறாமல் இருந்தன. பிறகு சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான். ஆக, வீட்டுச்செடி வளர்ப்பின் முதல் பெரிய கண்டுபிடிப்பு மூடியைத் திறக்காமல் இருந்ததால் கிடைத்தது. அதற்குப் பின் வந்த வீட்டுக்காரர்கள் யாரும் இதிலிருந்து எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

செடி வளர்ப்பு நர்சரியில் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக வரிசை கட்டி நிற்கும் நர்சரிகளில் விற்கும் செடிகளில் பல, ராஜமுந்திரிக்கு அருகே கடியத்தில் பிறந்து லாரியில் வந்தவை. கேரளத்து மண்ணுத்தியிலிருந்து வருபவையும் உண்டு. பிறந்த இடத்தில் நிழல்வலைக்குக் கீழே, வேளாவேளைக்குத் தண்ணீரும் உரமும் கண்டு வளர்ந்த செடிக்கு வெளியுலகம் தெரியாது. வாங்க வந்தவருக்கும் தெரியாது. இருவருக்கும் நடுவில் நிற்கும் நர்சரிக்காரர் எந்தச் செடியைப் பற்றி எதைக் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருக்கிறார்.

"இது வெயில்ல வெக்கணுமா, நிழல்லயா?"

"எங்க வேணாலும் வெக்கலாம் சார்."

"தண்ணி?"

"டெய்லி ஒரு மக்கு ஊத்துங்க. அது பாட்டுக்கு வரும்."

அது பாட்டுக்கு வருவதில்லை. வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் குரோட்டன்ஸ் பாதி இலையை உதிர்த்துவிடும். இடம் மாறியதும் இலையைக் கழற்றுவது அந்தச் செடியின் பிறவிக் குணம். புது வெளிச்சத்துக்குத் தோதாகப் புது இலை விடுவதற்கு அது எடுக்கும் முன்னேற்பாடு அது. பதறாமல் விட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் தளிர்க்கும். பதறுகிறவர் அதைத் தினமும் ஓர் இடத்துக்கு நகர்த்துகிறார். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் மிச்சமுள்ள இலைகளில் கொஞ்சம் போகும். கடைசியில் குச்சி மட்டும் நிற்கும்போது, 'நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்' என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறும்.

வாங்கும்போது எல்லோரும் பூத்துக் குலுங்கும் செடியைத்தான் எடுக்கிறார்கள். அது தன் வேலையை நர்சரியிலேயே முடித்துவிட்ட செடி. மொட்டு அதிகமாகவும் பூ குறைவாகவும் உள்ளதை எடுத்து, இலையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, பைக்கு அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருக்கிறதா என்று கவனிப்பதுதான் முறை. ஆனால் குடும்பத்தோடு போகும் இடத்தில் இலையைப் புரட்டிக்கொண்டு நிற்பவருக்கு மரியாதை இல்லை. பேரம் பேசி முப்பது ரூபாய் குறைப்பவருக்கே அது கிடைக்கிறது.

ஊட்டியிலிருந்து செடி கொண்டுவருவது இதில் தனி வகை. மே மாதம் மலர்க்காட்சி பார்க்கப் போனவர்கள், 1848-இல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவைச் சுற்றி வந்த களைப்பில், தேங்காய் அளவு நீலப்பூ வைத்த ஹைட்ரேஞ்சியா ஒன்றை வாங்கிக் காரின் டிக்கியில் ஏற்றுகிறார்கள். ஊட்டி கடல்மட்டத்துக்கு மேலே 2,200 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. சென்னையில் கத்திரி வெயில் நடந்துகொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கும்போதே செடிக்கு விஷயம் புரிந்துவிடும், வீட்டுக்காரருக்கு ஜூன் மாதத்தில் புரியும். மறு ஆண்டு மீண்டும் வாங்குவார்கள்.

அடுத்தது தொட்டி. மண்தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும். அதனால் வேர் குளிர்ச்சியாக இருக்கும், தண்ணீர் அதிகமாக ஊற்றினாலும் ஓரளவு மன்னிக்கும். பிளாஸ்டிக் தொட்டி மன்னிக்காது. பரிசாக வரும் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இருக்காது என்பதால் அதைத் தொட்டி என்று சொல்வதை விட, செடி மிதக்கும் ஜாடி என்று சொல்லலாம். 12 அங்குலத் தொட்டி நிறைய மண் போட்டு நனைத்தால் 20 கிலோவுக்குக் குறையாது. இப்படி முப்பது தொட்டி வைத்த மொட்டை மாடியைப் பற்றி அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது எழுந்து பேசினால் அவரைச் செடிகளின் விரோதி என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

மண் கலவைக்கு அந்தக் காலத்துக் கணக்கு செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. இப்போது மணலின் இடத்தைத் தென்னைநார்த் துகள் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் செங்கல் வடிவில் அழுத்தி விற்கும் 5 கிலோ கட்டியை முதன்முறை வாங்குகிறவர், 'இவ்வளவுதானா?' என்று அலட்சியமாகப் பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அரை மணியில் பக்கெட் நிரம்பி, குளியலறைத் தரை நிரம்பி, வீட்டில் உள்ள அண்டா குண்டாவெல்லாம் வரவழைக்கப்படும். துகளில் உப்பு இருக்கும் என்பதால் அதை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். அலசிய தண்ணீர் காப்பி நிறத்தில் இறங்கி, குளியலறை வடிகட்டியை அடைத்த பிறகு தோட்டக்கலை சில நாள் ஒத்திவைக்கப்படும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக நம்பப்படும் செய்தி. நடப்பது வேறு. நுண்ணிய துளைகள் உள்ள மண், தன் பிடியிலுள்ள நீரைப் பெரிய இடைவெளி உள்ள கல்லடுக்குக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்காது. கொடியில் போட்ட ஈரத்துண்டின் கீழ்நுனியில் நீர் தேங்கி நிற்பது போல, மண்ணின் அடிப்பகுதியில் ஒரு சதசதப்பான அடுக்கு எப்போதும் நிற்கும். கல் போட்டால் அந்த அடுக்கு மறைவதில்லை, மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. ஓட்டை வழியாக மண் ஒழுகாமலிருக்க ஓர் ஓட்டாஞ்சில்லு போதும். இதைச் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுக் கூழாங்கல்லைத்தான் போடுவார், ஏனென்றால் ஏற்கெனவே மீன்தொட்டிக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டார்.

இனித் தண்ணீர். வேர் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவிலுள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பினால், ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் வேரை வந்தடையும். மூச்சு முட்டிய வேர் அழுகத் தொடங்கும், பூஞ்சை வகையறா அதில் குடியேறும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே இலை வாடித் தொங்கும். இலை வாடினால் வீட்டில் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார்கள். தாகத்தில் வாடும் செடியும் மூழ்கிச் சாகும் செடியும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது இயற்கை செய்த ஒரு கொடுமை.

கூட்டுக் குடும்பத்தில் இது இன்னும் சிக்கல். காலை ஆறு மணிக்குத் தாத்தா நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் முன், 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று எல்லாத் தொட்டிக்கும் ஊற்றிவிட்டுப் போகிறார். எட்டு மணிக்கு மருமகள் ஆபீஸ் கிளம்பும் அவசரத்திலும் கடமை தவறாமல் ஊற்றுகிறாள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா பாத்திரம் விளக்கி முடித்து, பக்கெட்டில் மிஞ்சியதைக் கொட்டுவதற்குப் பால்கனியை விட வசதியான இடம் கண்டதில்லை. மூவரில் எவருக்கும் மற்ற இருவரின் சேவை தெரியாது. செடி செத்த அன்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்து, "நான்தான் தெனம் ஊத்தினேனே" என்கிறார்கள். மூவர் சொல்வதும் உண்மை.

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் தட்டினால் செம்பைக் கீழே வைப்பதுதான் உலகெங்கும் ஒப்புக்கொண்ட சோதனை. சென்னை மே மாதத்தில் மண்தொட்டிச் செம்பருத்திக்குத் தினமும் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவைகூடத் தேவைப்படும். அதே வாரத்தில் ஸ்நேக் பிளான்டுக்கு ஒரு தடவை போதும், அதையும் மறந்தால் அது கோபித்துக்கொள்ளாது.

அதிகமாக ஊற்றிய தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை. ஒரு பங்கு கீழ்வீட்டில் காயப்போட்ட வடகத்தின் மேல் சிவப்பாக இறங்குகிறது. அது அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வெளியாகிறது. அதைத் தடுக்கத் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால், தட்டில் நிற்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. வெயில் காலத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டு காய்ந்துவிட்டது என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. அந்த முட்டை ஓரத்தில் ஒட்டியபடியே மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த தண்ணீரில் பொரிக்கும். வாரம் ஒரு முறை தட்டைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மாநகராட்சி ஊழியர் டார்ச் அடித்துப் பார்க்கும் முதல் இடம் இந்தத் தட்டுதான்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை, பால்கனியின் திசையை யாராலும் மாற்ற முடியாது. குரோட்டன்ஸின் சிவப்பும் மஞ்சளும் நல்ல வெளிச்சத்தில்தான் ஏறும், வரவேற்பறை மூலையில் அது பச்சையாகிச் சோர்ந்துவிடும். ஆந்தூரியத்துக்கு நேர் வெயில் பட்டால் இலை தீயும். வடக்குப் பார்த்த பால்கனிக்காரர் வாங்க ஆசைப்படுவது எப்போதும் காகிதப்பூ. தெற்குப் பார்த்தவர் வாங்குவது ஆந்தூரியம்.

காகிதப்பூவின் விஷயத்தில் பாசம் நேரடியாகத் தோற்கிறது. அதற்கு ஐந்து ஆறு மணி நேர வெயிலும், இரண்டு தண்ணீருக்கு நடுவில் நல்ல காய்ச்சலும் வேண்டும். நிறைய நீரும் தழைச்சத்தும் கொடுத்தால் நீள நீளமாகக் கொடி ஓடி, இலை தள்ளி, முள்ளை வளர்த்து, துணி எடுக்க வருபவரின் கையைக் கிழிக்கும், பூ மட்டும் வைக்காது. நெடுஞ்சாலை நடுத்திட்டில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு டேங்கர் தண்ணீர் வந்தால் உண்டு என்று நிற்கும் காகிதப்பூ கிலோமீட்டர் கணக்கில் பூத்துத் தள்ளுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே காரில் போகிறவர் வீட்டுக்குப் போனதும் தம் செடிக்கு மீன் அமிலம் ஊற்றுகிறார்.

நிறமாகத் தெரியும் அந்தக் காகிதம் பூவே அல்ல, பூவடிச் செதில். மூன்று செதிலுக்கு நடுவே குச்சி குச்சியாக நிற்கும் வெள்ளைக் குழல்தான் பூ. 1760-களில் பிரெஞ்சுக் கப்பல்தலைவர் பூகன்வில் உலகைச் சுற்றக் கிளம்பியபோது, கப்பலில் இருந்த தாவரவியலாளர் கொமர்சோன் பிரேசிலில் இச்செடியைச் சேகரித்தார். அவருடைய உதவியாளாக ஆண் வேடத்தில் ஏறி, மூட்டைகளைச் சுமந்து, பிற்பாடு உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று பெயரெடுத்தவர் ஜான் பாரே. செடிக்குக் கப்பல்தலைவரின் பெயர் வைக்கப்பட்டது. தினம் தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவர், விருந்தாளி வரும்போது 'என் தோட்டம்' என்று காட்டுகிறவர் இன்னொருவர் என்கிற வழக்கத்துக்கு நல்ல பழைய முன்னுதாரணம் இருக்கிறது.

மணி பிளான்ட் இதற்கு நேர் எதிர். எதுவும் செய்யாமலிருந்தாலும் வளரும், எது செய்தாலும் வளரும். அதைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, அடுத்த வீட்டிலிருந்து தெரியாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்பது நடைமுறைச் சட்டம். பதவியில் உள்ளவர், ஓய்வு பெற்றவர், ஒரு நயா பைசா பாக்கி வைக்காதவர் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். மாலை நடையில் ஒரு கை சும்மா சுவரோரமாகப் போய், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு, இரண்டு கணுவும் ஒரு வேரும் உள்ள துண்டு ஜிப்பாப் பைக்குள் போய்விடும். பறிகொடுத்தவரும் அதைக் கண்டுகொள்வதில்லை, அவருடையதும் அப்படி வந்ததுதான். தண்ணீரில் போட்ட எந்தக் கணுவும் இரண்டு வாரத்தில் வேர்விடும் என்பதால் திருட்டுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு இன்றுவரை யாராலும் மறுக்கப்படவில்லை.

பாட்டிலில் உள்ளங்கை அளவு இலையோடு தொங்கும் அது, மரத்தைப் பற்றி மேலே ஏற விட்டால் முறம் அளவு இலை விட்டு, ஓரம் கிழிந்து, வேறு செடியோ என்று சந்தேகப்பட வைக்கும். தொங்க விட்டால் இலை சிறுக்கும், ஏற விட்டால் பெருக்கும். பூ மட்டும் வைக்காது. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அதனால் சரிவரச் செய்ய முடியவில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஹார்மோனைத் தெளித்தபோது பூத்தது. அதாவது உலகம் முழுவதும் உள்ள மணி பிளான்ட், விதையில்லாமல், கிள்ளிக் கிள்ளியே பரவியிருக்கிறது. சட்டம் அப்படியொன்றும் ஆதாரமில்லாதது அல்ல.

தொட்டிச் செடிகளில் மரியாதை அதிகம் உள்ளது பிரம்ம கமலம். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது இமயமலையில் பனிக்கோட்டுக்குப் பக்கத்தில் வளரும் வேறு செடி, உத்தராகண்டின் மாநில மலர். இங்கே தொட்டியில் இருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி வகை. இலை என்று நினைப்பதெல்லாம் தட்டையான தண்டு. காட்டில் மரக்கிளையில் தொற்றிக்கொண்டு வாழ்வது, அதனால் களிமண்ணைக் கண்டால் அழுகும். இதையெல்லாம் பூக்கும் இரவில் சொல்லக் கூடாது.

தண்டின் ஓரத்தில் கடுகு அளவு மொட்டு தெரிந்ததும் வீட்டில் குரல் தாழ்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் மொட்டு வளைந்து, மேல்நோக்கி நிமிர்ந்தால் அன்று இரவு நிச்சயம். ஏழரை மணிக்குத் தகவல் அனுப்பப்படும். ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு மாமி குங்குமச் சிமிழோடு வருகிறார். மாடியில் குடியிருக்கும் தம்பதி குழந்தையை எழுப்பித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது தோளில் மறுபடியும் தூங்கிவிடும். பத்தரைக்குள் முழுதாக விரிந்து, ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று நிற்கும். வாசனை கூடத்தைத் தாண்டிப் போகும். இருட்டில் வரும் பெரிய அந்துப்பூச்சியைக் கூப்பிடுவதற்காக விட்ட வாசனை அது. வருவது கற்பூரத் தட்டும் ஆறேழு செல்போன் வெளிச்சமும். எவரோ, "ஏதாவது வேண்டிக்கோ, பலிக்கும்" என்பார். எல்லோருக்கும் காப்பி கலக்கப்படும். விடிவதற்குள் பூ துவண்டு தலைதொங்கிவிடும். காலையில் பேப்பர் படிக்க உட்காரும் பெரியவர் அதைப் பார்த்து, "ராத்திரி ஏண்டா என்னை எழுப்பல?" என்று கேட்கும் கேள்விக்கு அடுத்த ஆண்டு வரை பதில் கிடையாது.

உரம் சமையலறையிலிருந்து வருகிறது. அரிசி களைந்த நீர், வாழைப்பழத் தோல் ஊறிய நீர், புளித்த மோர், வடிகட்டிய டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் தொட்டியைத் தேடிப் போகின்றன. டீத்தூளோடு பாலும் சர்க்கரையும் போவதால் முதலில் பயனடைவது எறும்பு. முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்து, அது கரைவதற்கு வீட்டுக் கடன் முடியும் காலம் ஆகும். கரைந்தால் இட்லிப்பூவுக்கு ஆபத்து. வெட்சிக்குச் சற்றுப் புளிப்பான மண் வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் சேரச் சேர, மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக, நடுப்பகுதி மஞ்சளாக இளம் இலைகள் வெளுக்கும். நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அன்னபேதியை ஒரு லிட்டருக்கு ஓரிரு கிராம் கரைத்து இலைமேல் தெளித்தால் தேறும். சொந்த ஊர்ச் செடியாயிற்றே, தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டதன் பலன் இது.

செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வருவதை விட, மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி கிடைக்கிறது என்று சொல்வதே பொருத்தம். கணுவில் பஞ்சு ஒட்டியது மாதிரி ஒரு பொட்டு தெரியும். ஒரு வாரத்தில் கிளை முழுவதும் வெள்ளை. சாற்றை உறிஞ்சி அது வெளியேற்றும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி வழி செய்து கொடுக்கும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் மேய்ந்தது, செம்பருத்தியையும் விடவில்லை. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவி ஒன்றைத் தருவித்து விட்ட பிறகே அடங்கியது. வீட்டு அளவில், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பதும் பலன் தரும். எறும்பை விரட்டாமல் பூச்சியை மட்டும் விரட்டினால் திரும்பி வரும். தெளித்த இரண்டு நாள் வீட்டில் யாரும் பால்கனிக் கதவைத் திறப்பதில்லை, அதுவும் செடிக்கு நல்லதே.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஒன்பது மாதம் தண்ணீருக்கு அழுதவர்கள் இப்போது தொட்டிகளை மழையில் நனைய விட்டு ரசிப்பார்கள். அடீனியம் அந்த ரசனைக்குப் பலியாகிறது. அதன் அடித்தண்டு பருத்து நிற்பதே வறண்ட காலத்துக்கு நீர் சேர்த்து வைக்கத்தான். அதற்கு மேல் நான்கு நாள் விடாமல் மழை பெய்தால், தொட்டுப் பார்க்கும்போது கொழகொழவென்று உள்வாங்கும். மழைக்காலம் முழுதும் அதைக் கூரைக்கடியில் வைத்து, தண்ணீர் விடுவதையே மறந்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தொட்டிகள் பல மாடி மாறின. காற்று அறிவிப்பு வந்ததும் கைப்பிடிச் சுவர்மேல் உள்ளவற்றைத் தரையில் இறக்குவது செடிக்காக அல்ல, கீழே நடந்து போகிறவரின் தலைக்காக.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதற்கு நாசா பெயரைச் சொல்லாத விற்பனையாளர் இல்லை. 1989-இல் நாசா ஆய்வு செய்தது உண்மை, ஆனால் காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் செடியை வைத்து. 2019-இல் அத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணமாக ஜன்னல் வழியாகவும் இடுக்கு வழியாகவும் நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி தேவை என்றார்கள். பத்துக்குப் பத்து படுக்கையறைக்குக் குறைந்தபட்சம் 90 தொட்டி, கூடுதலாகப் போனால் 9,000-க்கு மேல். காற்று சுத்தமாகிவிடும், கட்டிலைத்தான் வெளியே போட வேண்டும். ஸ்நேக் பிளான்ட் ராத்திரியில் ஆக்சிஜன் தரும் என்பதும் இதே வகை. அது இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கிறது, ஆக்சிஜன் விடுவதற்கு எல்லாச் செடியையும் போல வெளிச்சம் வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் டிஃபன்பேக்கியா கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அதன் இலையிலும் தண்டிலும் உள்ள ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் வாயைப் புண்ணாக்கி வீங்க வைக்கும். மணி பிளான்டிலும் அதே படிகம் உண்டு.

ஊருக்குப் போகும்போது செடிகளை என்ன செய்வது என்பது ரயில் டிக்கெட்டை விடப் பெரிய பிரச்சினை. எல்லாத் தொட்டியையும் நிழலான மூலையில் நெருக்கி வைத்து, நிறைய நீர் விட்டு, பருத்தித் திரியின் ஒரு நுனியை வாளித் தண்ணீரிலும் மறு நுனியை மண்ணிலும் செருகினால் ஒரு வாரம் தாங்கும். இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லாதவர்கள் எதிர் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எதிர் வீட்டுக்காரர் பொறுப்பானவராக இருந்தால் கதை முடிந்தது. சோம்பேறியாக இருந்தால் பெரும்பாலான செடிகள் முன்னை விடத் தெம்பாக இருக்கும், அடீனியம் பூத்தும் இருக்கும்.

கடைசியாக இனப்பெருக்கம். அழகுச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு விதை வேண்டாம், குச்சி போதும். பிரம்ம கமலத்தின் தட்டைத் தண்டை ஒரு சாண் அளவு வெட்டி, வெட்டுவாய் இரண்டு மூன்று நாள் காய்ந்த பின் மணலில் செருகினால் பிடித்துக்கொள்ளும். ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டு போட்டு நட்டாலும் வேர்விடும், ஆனால் ஓரத்தில் மஞ்சள் கரை உள்ள வகையில் பிள்ளைகள் வெறும் பச்சையாகத்தான் பிறக்கும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். செம்பருத்தி, குரோட்டன்ஸ், வெட்சி குச்சிகளை அரை அடி நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரமான தென்னைநார்த் துகளில் ஊன்றி, நிழலில் வைக்கலாம். எது மேல், எது கீழ் என்று பார்த்து ஊன்ற வேண்டும். மழைக்காலத் தொடக்கம் இதற்கு நல்ல பருவம். வேர்விட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், 'வேர் வந்திருக்கா' என்று நடுநடுவே பிடுங்கிப் பார்க்கிற வீட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.